தூர் வாரும் இயந்திரமும் வாடகைக் கணக்கும்

மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்படுவது மரபு. அதற்குள் காவிரிப் பாசன ஆறுகளையும் வாய்க்கால்களையும் தூர் வாரி முடித்தல் வேண்டும். நாள் குறைவாதலின் பொக்லைன் இயந்திரத்தை வாடகைக்கு அமர்த்துகிறோம்.

மணி வாடகை குறைந்த இயந்திரமே சிக்கனமானது என்று அங்கத்தினர் பலர் கருதுகின்றனர். கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு ரூ. 1,200 பெறும் இயந்திரம் 60 கன மீட்டர் மண் அள்ளுமாயின், கன மீட்டருக்கு ரூ. 20 ஆகிறது. ரூ. 1,000 பெறுவது 40 கன மீட்டரே அள்ளுமாயின் ரூ. 25 ஆகிறது. 6,000 கன மீட்டர் வேலையில் நமக்கு ரூ. 30,000 நஷ்டம்!

பெரும்பாலும் குறை இயந்திரத்தில் இல்லை. நமது ஏற்பாட்டிலேயே உள்ளது. லாரி வரும்வரை இயந்திரம் காத்து நிற்கையில் என்ஜினை நிறுத்தாவிடில் டீசலும் எரியும், மணிகாட்டியும் ஓடும். லாரிச் செலவுக்கு அஞ்சி மண்ணைக் கரை விளிம்பிலேயே குவிப்பாரும் உளர். மழையில் அது சரிந்து வாய்க்காலிலேயே விழும். ஒரே மண்ணுக்கு இருமுறை கூலி!

இன்னொன்று. தோண்டிய மண் தளர்ந்து, பருமனில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு பெருகும். ஆதலின் லாரி நடைகளை எண்ணி அளவைத் தீர்மானித்தல் தவறு. வேலைக்கு முன்னும் பின்னும், குறித்த இடங்களில் வாய்க்காலின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து, ஒப்பந்தக்காரரின் கையொப்பத்துடன் ஏட்டில் பதிதல் வேண்டும். தண்ணீர் வந்த பின்னர் அளக்க இயலாது.