கமெண்டை பிஎச்பி படிக்கிறதா?

கேள்வி: பாத்திரக் கடை ஒன்றுக்கு லாராவெலில் பில் போடும் மென்பொருள் எழுதுகிறேன். $பில்->தொகை என்று எழுதினால் எடிட்டர் அடிக்கோடு போடுகிறது. புரோகிராமோ சரியாக ஓடுகிறது. கிளாஸுக்கு மேலே கமெண்டில் @ப்ராப்பர்ட்டி என்று ஒரு வரி சேர்த்ததும் கோடு போய்விட்டது. பிஎச்பி கமெண்டையும் படிக்கிறதா?
– வாசகர், விளாங்குடி, மதுரை

பதில்: நல்ல கேள்வி. அந்த வரிதான் தொகையைக் கொண்டுவருகிறது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அதை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். தொகை அப்படியே வரும்.

கொண்டுவருவது __கெட் என்ற மாய மெத்தட். நாம் அழைக்காமலே பிஎச்பி தானாக அழைத்துக்கொள்ளும் ஃபங்ஷனுக்குத்தான் அந்தப் பெயர். __கெட் 2004இல் வந்த பிஎச்பி 5 முதல் இருக்கிறது. கிளாஸில் இல்லாத ஒரு பெயரைக் கேட்டால், பிஎச்பி முதலில் __கெட்டிடம் போகும். லாராவெல் மாடலில் அது டேபிளிலிருந்து எடுத்து வைத்த ஃபீல்டுகளில் தேடித் தருகிறது. மதிப்பைப் போடுவதற்கு __செட்.

எடிட்டர் புரோகிராமை ஓட்டுவதில்லை, எழுத்தை மட்டும் படிக்கிறது. டேபிளில் என்ன ஃபீல்டு இருக்கிறதென்று அதற்கு எப்படித் தெரியும்? நீங்கள் எழுதிய வரி அதற்கான தகவல், அவ்வளவுதான்.

கோடு போனால் போதுமென்று கிளாஸுக்குள் பப்ளிக் $தொகை என்று மட்டும் அறிவித்துவிடாதீர்கள். பெயர் நிஜமாகவே இருப்பதால் __கெட் அழைக்கப்படாது. நல், அதாவது மதிப்பே இல்லாத நிலை, திரும்பி வரும். பில்லில் தொகை காலியாக நிற்கும். நீங்கள் போடும் தொகையும் __செட் வழியே போகாததால், சேவ் செய்தாலும் டேபிளுக்குப் போய்ச் சேராது. பிஎச்பி இதற்குப் பிழைச் செய்தி ஒன்றும் தராது என்பதுதான் கொடுமை.

ஆகவே கமெண்டே சரியான இடம். கிளாஸுக்கு நேர் மேலே, சாய்கோட்டுக்குப் பின் இரண்டு நட்சத்திரம் போட்டுத் தொடங்குங்கள். இதற்கு டாக்பிளாக் என்று பெயர். ஒரே நட்சத்திரம் என்றால் அது சாதாரண கமெண்ட், எடிட்டர் கண்டுகொள்ளாது. உள்ளே:

@ப்ராப்பர்ட்டி இன்ட் $தொகை

தொகையைப் பைசாவில் முழு எண்ணாக வைத்திருந்தால் இன்ட் சரி. மைசீக்குவலில் டெசிமல் ஃபீல்டு என்றால், மாடலில் தனியாக வகை மாற்றாதவரை கைக்கு வருவது ஸ்டிரிங். அங்கே ஃப்ளோட் என்று எழுதினாலும் எடிட்டர் நம்பிவிடும். படிக்க மட்டுமான மதிப்புக்கு @ப்ராப்பர்ட்டி-ரீட் இருக்கிறது.

ஃபீல்டின் பெயரை மாற்றினால் இந்த வரி தானாக மாறாது. லாராவெல் ஐடிஇ ஹெல்ப்பர் என்ற பேக்கேஜ் டேபிளைப் பார்த்து இவ்வரிகளை எழுதித் தரும். டேபிளின் அமைப்பை மாற்றும் ஒவ்வொரு மைக்ரேஷனுக்குப் பின்னும் அதை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.