யார் விலை கொடுத்தார்? பழனி மலையிலிருந்து ஒரு பாடம்

எட்டாம் வகுப்பில் ஒருநாள் சுற்றுச்சூழல் பாதுகாப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "காட்டை அழிப்பது யார்?" என்று கேட்டேன். முன்வரிசையிலிருந்து உடனே பதில் வந்தது: "காட்டுக்குள்ள இருக்கிறவங்கதான் டீச்சர்! விறகு வெட்டுறாங்க, தேன் எடுக்கிறாங்க." கடைசி வரிசையில் இருந்த பளியர் வீட்டுப் பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தப் பதிலை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது வேறு யாருமல்ல. 'மரம் வெட்டாதீர்' என்று மட்டும் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய நான்தான். அந்த உறுத்தலில் உருவான பாடம் இது. மூன்று பாடவேளைகள் போதும். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் மூன்றையும் இணைத்து நடத்தலாம்.

முதல் பாடவேளை: ஒரு பயணத்தின் கணக்கு

சென்னையிலிருந்து கொடைக்கானல் சுமார் 520 கிலோமீட்டர். ஒரு கார் வந்து திரும்ப 1,040 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ 69 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். மொத்தம் சுமார் 160 கிலோ. மாணவர்களே பெருக்கிப் பார்க்கட்டும். அடுத்து, நடந்தும் வாரம் ஒருமுறை பேருந்திலும் சந்தைக்குப் போகும் ஒரு மலைக் குடும்பத்தின் கணக்கைப் போடச் சொல்லுங்கள்.

பிறகு உலகக் கணக்குக்குப் போகலாம். ஆண்டுக்கு ஓர் இந்தியரின் சராசரி வெளியீடு சுமார் 2 டன், ஓர் அமெரிக்கருடையது சுமார் 14 டன். உலகின் செல்வந்தரான 10 விழுக்காட்டினரே மொத்த வெளியீட்டில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம். மழை தவறினாலும் மண் சரிந்தாலும் முதலில் அடிபடுவது மிகக் குறைவாக வெளியிட்டவரே. இந்த முரணைச் சரிசெய்யக் கோருவதுதான் காலநிலை நீதி. 1992இல் உருவான ஐ.நா. காலநிலை உடன்படிக்கையும் பொறுப்பு அனைவருக்கும் பொது, ஆனால் அளவு வேறு என்பதை ஏற்றுக்கொண்டது.

இரண்டாம் பாடவேளை: மூன்று கேள்விகள்

கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரையுங்கள். முடிவெடுத்தவர் யார்? பயன் பெற்றவர் யார்? விலை கொடுத்தவர் யார்? கீழ்க்காணும் இரு நிகழ்வுகளைக் குழுக்களுக்குக் கொடுங்கள்.

முதலாவது, புல்வெளி. பழனி மலையின் உச்சியில் சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்தே இருந்தன. மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்துவைத்து ஓடைகளுக்கு மெல்ல விடுபவை அவை. பாலாறு பொருந்தலாறு, வரதமாநதி அணைகளுக்கு நீர் வருவது இந்த மலையிலிருந்துதான். கடந்த நூற்றாண்டில் தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் மரமும், ஆலைகளுக்காகத் தைலமரமும் புல்வெளிகளில் பெருமளவில் நடப்பட்டன. 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தவர்கள் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதைக் கண்டனர். விறகுச் சுமையா இதைச் செய்தது? மரம் நடுவது எல்லா இடத்திலும் நன்மையல்ல என்பதும் மாணவருக்கு இங்கே புரியும்.

இரண்டாவது, வெப்பமானி. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இயங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 1980களில் கொடைக்கானலுக்கு இடம் மாறியது. பிறகு இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. செய்த வெப்பமானிகள் வெளிநாடு சென்றன. பாதரசக் கழிவோ பாம்பார் சோலையை ஒட்டிய மண்ணில் தங்கியது. பழைய இரும்புக்கடை ஒன்றில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு கண்டுபிடிக்கப்பட்டதும் 2001இல் ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது 2016இல்தான்.

மூன்றாம் பாடவேளை: மாதிரி கிராம சபை

வன உரிமைச் சட்டம் 2006, காட்டில் வாழும் பழங்குடியினருக்குச் சாகுபடி செய்துவரும் நிலத்தில் 4 ஹெக்டேர் வரை உரிமையும், தேன், கடுக்காய் போன்ற சிறு வனப் பொருட்களைச் சேகரிக்கும் உரிமையும் தருகிறது. கோரிக்கையைப் பரிசீலிக்கும் முதல் இடம் கிராம சபை. இதை விளக்கிவிட்டு வகுப்பையே கிராம சபையாக்குங்கள்.

விவாதப் பொருள்: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பு வந்தது. இது சரியா?

என் வகுப்பில் ஒரு மாணவி எழுந்தாள்: "எங்க அப்பா டாக்ஸி ஓட்டுறாரு. வண்டி வரலைன்னா எங்க வீட்ல அடுப்பு எரியாது டீச்சர்." வகுப்பு அமைதியானது. அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. வருமானமும் வேண்டும், தண்ணீரும் வேண்டும், அதற்கு வழி என்ன என்ற கேள்வியைச் சபையிடமே விட்டேன். பேருந்தில் வருவோருக்குச் சலுகை தரலாம், விடுதிகளின் தண்ணீருக்கு அளவு வைக்கலாம் என்று யோசனைகள் வந்தன.

ஆசிரியர் கவனத்திற்கு

பழங்குடி மாணவரைச் சாட்சிபோல் எழுப்பிக் கேள்வி கேட்காதீர்கள். அவராக முன்வந்தால் மட்டும் பேசட்டும். சுற்றுலாப் பயணிகளை வில்லன்களாக்கவும் வேண்டாம். நம் வீட்டுத் தேவையற்ற செலவுகளையும் அதே மூன்று கட்டங்களில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். மதிப்பீட்டுக்கு, தம் ஊரின் குவாரி, சாயப்பட்டறை, குளம் என ஏதேனும் ஒன்றை எடுத்து அக்கேள்விகளுக்கு ஒரு பக்கத்தில் விடை எழுதலாம்.

மூன்றாம் நாள் முடிவில் கடைசி வரிசைப் பையன் தானாகவே எழுந்தான். காட்டுக்கிழங்கு தோண்டும்போது கொடியின் தலைப்பகுதியை மண்ணிலேயே விட்டு மூடிவிட வேண்டும், அடுத்த ஆண்டு மறுபடி விளையும் என்று தன் பாட்டி சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான். முதல்நாள் பதில் சொன்ன முன்வரிசை மாணவன்தான் முதலில் கேட்டான்: "அதை எங்களுக்கும் காட்டித் தருவியா?"