கொடைக்கானல் போகாமலே புது ரோஜா

“ரோஜான்னா குளிர் வேணும். ஓசூர்ச் செடி நம்ம வெயிலுக்கு மூணு மாசம் நின்னாலே பெரிசு.” பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பாதி உண்மை. இன்றைய ரகங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுத் தோட்டங்களுக்காக உருவானவை. அமெரிக்காவின் அயோவாவில் கிரிஃபித் பக்கும், கனடாவின் ஒட்டாவாவில் ஃபெலிசிடாஸ் ஸ்வெய்டாவும் உறைபனியில் சாகாத ரோஜாவுக்காகவே ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். பனியைத் தாங்கும் ரகம் சித்திரை வெயிலையும் தாங்கிவிடும் என்று எண்ணி வாங்குவதுதான் தவறு.

வெயிலுக்கான ரோஜாவைத் தேடியவர்கள் நம் மாநிலத்திலேயே உண்டு. ஐ.ஏ.எஸ். பணியை விட்டுக் கொடைக்கானலில் குடியேறிய எம்.எஸ்.வீரராகவனும் மனைவி கிரிஜாவும், மணிப்பூர் மலைகளின் ரோசா ஜைஜான்டியா, வங்கச் சமவெளியில் நீரோரம் வளரும் ரோசா கிளினோஃபில்லா ஆகிய காட்டு இனங்களைக் கலந்து வெப்பநாட்டு ரகங்களை உருவாக்கினார்கள். 2019இல் ஒரு மஞ்சள் ரோஜாவுக்குத் தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயர் வைத்ததும் இவர்களே. வெயிலுக்கான ரோஜா பிறந்தது குளிர்மலையில் என்பதுதான் வேடிக்கை!

இலை வெளுத்தால் உடனே வெயிலைத் திட்டுகிறோம். அரியலூருக்கு சிமெண்ட் ஆலைகளைக் கொண்டுவந்த சுண்ணாம்புக்கல்லையும் கொஞ்சம் சந்தேகப்படலாம். மண்ணில் சுண்ணாம்பு மிகுந்தால், இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. கொழுந்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் கோளாறு அதுதான். நிழல்வலை கட்டிப் பயனில்லை. செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்த தொட்டிக்குச் செடியை மாற்றுங்கள்.

இனி புது ரோஜாவுக்கு வருவோம். “சிவப்பில் வெள்ளையை ஒட்டுக் கட்டினால் ரோஸ் நிறம் வரும்” என்பது வெறும் கதை. ஒட்டில் நிறம் கலக்காது. “வாங்கின ரோஜா காட்டு ரோஜாவா மாறிடுச்சு” என்ற புலம்பலுக்கும் விடை இங்கேதான்: மேல்செடி பட்டுப்போக, ஒட்டுக்குக் கீழிருந்து வேர்ச்செடி துளிர்த்திருக்கிறது.

புது ரகம் பெரும்பாலும் விதையில்தான் பிறக்கும். அதற்கு ஆய்வகம் வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் பாதி விரிந்த மொட்டின் இதழ்களையும் மகரந்தப் பைகளையும் காலையிலேயே கிள்ளிவிடுங்கள். தந்தைச் செடியின் பைகளைக் காகிதத்தில் உலர்த்தினால் மஞ்சள் தூள் உதிரும். மறுநாள் அதை விரல்நுனியால் சூல்முடியில் தடவி, காகித உறை கட்டிப் பெயரெழுதித் தொங்கவிடுங்கள். காய் பழுக்க மூன்று நான்கு மாதம் ஆகும். விதையைக் கழுவி, ஈரத் துணியில் சுற்றி, ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் ஆறு முதல் எட்டு வாரம் வையுங்கள். குளிர் கேட்பது விதைதான். அதற்கு ஊட்டி வேண்டாம். முளைப்பது கொஞ்சமே, முளைத்ததிலும் பெரும்பாலானவை சுமாராகத்தான் பூக்கும்.

“நாற்றைப் பொத்திப் பொத்தி வளர்க்கணும்” என்பார்கள். அமெரிக்காவின் மில்வாக்கியில் வில்லியம் ராட்லர் வீட்டின் அடித்தளத்தில் நாற்று வளர்த்தவர். கரும்புள்ளி நோய் கண்ட இலைகளைப் பொடித்து அந்த நாற்றுகள்மேலேயே தூவினார். தாங்கியதை மட்டும் வைத்துக்கொண்டார். 2000இல் சந்தைக்கு வந்த ‘நாக் அவுட்’ ரோஜா அப்படித் தேறியதுதான். நம் ஊரில் பொடி கூடத் தேவையில்லை. வேர் பிடித்த நாற்றுகளுக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றி, அடுத்த சித்திரை முழுக்க மொட்டைமாடியில் விட்டுவைத்தால் போதும்.