கரிசல் ஊரில் லினக்ஸுக்கு எந்த லேப்டாப்?

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி சுமார் 55 கிலோமீட்டர், மதுரை சுமார் 100. லேப்டாப்பில் பெரிய கோளாறு என்றால் இந்த இரண்டில் ஒரு ஊருக்குத்தான் பெரும்பாலும் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. பெங்களூர்க்காரருக்குச் சொல்லும் யோசனையை எட்டயபுரத்துக்காரருக்கும் விளாத்திகுளத்துக்காரருக்கும் அப்படியே சொல்ல முடியாது. இங்கே லினக்ஸுக்கு லேப்டாப் வாங்குகிறவர் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் சிப்புகள் லினக்ஸ் கெர்னலுக்குத் தெரிந்தவையா? ஸ்குரூவைக் கழற்றி நாமே மாற்றக்கூடிய பாகங்கள் எத்தனை? பிராசசர் வேகமெல்லாம் அப்புறம்.

அதற்கும் முன்னால் உங்கள் வேலையைப் பாருங்கள். டேலியில் கணக்கு எழுதும் தீப்பெட்டி ஆபீஸுக்கு நான் லினக்ஸைச் சிபாரிசு செய்யமாட்டேன். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது, கணக்கை வைத்துப் பரிசோதனை செய்யக் கூடாது. சிவகாசி அச்சகங்களுக்கு லேபிள் போட்டுக் கொடுப்பவரும் அவசரப்பட வேண்டாம். ஸ்கிரைபஸும் இங்க்ஸ்கேப்பும் யூனிகோட் தமிழை நன்றாகவே கையாளுகின்றன. ஆனால் அச்சகம் கேட்பது கோரல்டிரா ஃபைல் என்றால் அதைத்தான் கொடுத்தாக வேண்டும். வீட்டிலிருந்தே வெளியூர்க் கம்பெனிக்கு புரோகிராம் எழுதுகிறவர், கே.ஆர். நகர் நேஷனல் இன்ஜினியரிங் காலேஜ் மாணவர், பாடம் தயாரிக்கும் ஆசிரியர், எழுத்தாளர், பிரவுசரிலேயே வேலை முடிந்துவிடுகிறவர், இவர்கள் எல்லாரும் தாராளமாக மாறலாம். தமிழ்99 விசைப்பலகை ஐபஸ் வழியாகக் கிடைக்கிறது, தனியாக மென்பொருள் வாங்க வேண்டியதில்லை.

இனி எதை வாங்குவது? முதலில் வீட்டிலேயே கிடப்பதைப் பாருங்கள். 2011-இல் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது விண்டோஸுடன் பாஸ் (BOSS) லினக்ஸையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்புகள் இந்த வட்டாரத்தில் பல வீடுகளில் அலமாரியில் தூங்குகின்றன. பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டு, ராமையும் கூட்டி, லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ ஏற்றினால் லினக்ஸ் பழக அது போதும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஆனால் எட்டு மணி நேர வேலைக்கு, அதுவும் வீடியோ மீட்டிங்கோடு, அதன் பிராசசர் தாங்காது.

அடுத்தது, ஷோரூமில் 35, 40 ஆயிரத்துக்குப் பளபளவென்று நிற்கும் புது லேப்டாப். லினக்ஸ்காரர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். விலையைக் குறைக்க வேண்டும் என்பதற்காக இவற்றில் மலிவான வைஃபை சிப்பு போடுகிறார்கள். மீடியாடெக் எம்டி7902 சிப்பு பல ஆண்டுகள் லினக்ஸ் டிரைவரே இல்லாமல் கிடந்தது. அது இருக்கும் லேப்டாப்பை வாங்கியவர்கள் யூஎஸ்பி வைஃபை ஒன்றைச் செருகிக்கொண்டுதான் வேலை பார்த்தார்கள். ரியல்டெக் சிப்புகள் சில நன்றாக ஓடும், சில புதிய கெர்னலைக் கேட்கும். இன்டெல் வைஃபை என்றால் கவலை இல்லை. இவற்றில் பலவற்றில் ராமையும் போர்டோடு பற்றவைத்து விடுகிறார்கள். எட்டு ஜிபி என்று வாங்கினால் கடைசி வரை எட்டு ஜிபிதான். என்விடியா கார்டு வைத்த கேமிங் லேப்டாப்பையும் தள்ளிவைக்கலாம். டிரைவர் இருக்கிறது, ஆனால் கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு திரை வருமா, தூங்கப்போட்டால் எழுந்திருக்குமா என்ற கவலை கூடவே இருக்கும். அந்த கார்டு வேலைக்குத் தேவைப்படாதவருக்கு வெப்பமும் எடையும்தான் மிச்சம்.

என் சிபாரிசு மூன்றாவது வழி: கம்பெனிகள் மூன்று, நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துவிடும் பிசினஸ் லேப்டாப். லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 7490, ஹெச்பி எலைட்புக் 840 ஜி5, மூன்றுமே 2018 வாக்கில் வந்தவை, பெரும்பாலும் எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசசர் கொண்டவை. நான்கு கோர், இரண்டு ராம் ஸ்லாட், மாற்றக்கூடிய எஸ்எஸ்டி, பெரும்பாலும் இன்டெல் வைஃபை. புதிய மலிவு லேப்டாப்பைவிடக் கட்டுமானம் உறுதி, விலை பெரும்பாலும் அதில் பாதி. இன்னும் மலிவாக வேண்டுமென்றால் ஆறாம், ஏழாம் தலைமுறையைப் பாருங்கள். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இந்தப் பிராசசர்களை ஏற்பதில்லை. விண்டோஸ்காரர் கழித்துப் போடும் அந்த மெஷின்கள் லினக்ஸில் இன்னும் பல வருடம் ஓடும்.

மூன்றில் நம் ஊருக்குப் பொருத்தம் டி480. அதில் இரண்டு பேட்டரி, ஒன்று உள்ளே, ஒன்று பின்னால். பின்னால் இருப்பதை லேப்டாப்பை அணைக்காமலே கழற்றி வேறொன்றை மாட்டலாம். கரண்டு போன பகலில் வேலை நிற்காது. மூடி வைத்தால் பழைய முறையில் ஆழ்ந்து தூங்குகிறது. புதிய மாடல்கள் பலவற்றில் தூக்கத்திலும் சார்ஜ் கரைகிறது, பைக்குள் சூடேறுகிறது. ஆனால் டி480-இல் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. 1366க்கு 768 திரையோடு வருபவை மங்கல், நம் ஊர் வெளிச்சத்தில் கண் வலிக்கும். 1920க்கு 1080 ஐபிஎஸ் திரைதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, பழைய தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் யூஎஸ்பி-சி போர்ட்டைப் பழுதாக்கி சார்ஜ் ஏறாமல் செய்துவிடும். திருத்தம் வந்து வருடங்கள் ஆகின்றன. வாங்கிய முதல் நாளே அது ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

புழுதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆனி, ஆடி மேல்காற்றில் கரிசல் மண் மாவாகப் பறந்து ஃபேனுக்குள் படிகிறது. சூடு தாங்காமல் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நாம் லினக்ஸைக் குறை சொல்வோம். அடிமூடியைக் கழற்றித் தூசி தட்டும் வசதி இங்கே அவசியம். பிசினஸ் லேப்டாப்புகளில் அது எளிது. திங்க்பேடைத் திறக்கும் முன் பயாஸில் உள் பேட்டரியை முடக்கிவிட வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு வெயிலில் நூறு சதவீதம் நிரம்பிக் கிடப்பது ஆகாது. டிஎல்பி என்ற கருவியில் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி அமைத்துவிடுங்கள்.

புதியதுதான் வேண்டும், பில்லும் வாரண்டியும் வேண்டும் என்பவருக்குத் திங்க்பேட் ஈ14 போன்ற பிசினஸ் வரிசையைச் சொல்வேன். என்விடியா இல்லாத மாடலாக, ராம் ஸ்லாட் உள்ளதாகப் பாருங்கள். உபுண்டு சான்றளித்த பட்டியலில் மாடல் பெயரைத் தேடிப் பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து பழுது பார்க்கும் வாரண்டி கோவில்பட்டியின் 628501 பின்கோடுக்கு எத்தனை நாளில் வரும் என்று எழுத்தில் கேளுங்கள். ஸ்னாப்டிராகன் பிராசசர் லேப்டாப்பை இப்போதைக்குத் தொடவேண்டாம், லினக்ஸ் அதில் இன்னும் அரைகுறைதான்.

பிரிண்டரையும் மறக்கக்கூடாது. நம் ஊர் ஆபீஸ்களில் நிறையப் பார்க்கும் கேனன் எல்பிபி2900 லினக்ஸில் பெரும்பாடு படுத்தும். ஹெச்பி லேசர்ஜெட் 1020 கூடுதலாக ஒரு பிளக்இன் போட்டால் ஓடும்.

மாட்டைப் பல் பிடித்துப் பார்க்காமல் வாங்காத ஊர் இது. செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பையும் அப்படியே வாங்குங்கள். உபுண்டுவோ மின்ட்டோ எழுதிய பென் டிரைவைக் கையோடு கொண்டுபோய், நிறுவாமல் அதிலிருந்தே பூட் செய்யுங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம், மைக், கேமரா, வெளிச்ச பட்டன்கள் வேலை செய்கின்றனவா பாருங்கள். மூடியைச் சாத்தி, கொஞ்சம் பொறுத்துத் திறந்து பாருங்கள். பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற செயலி, பேட்டரி புதிதில் எவ்வளவு கொண்டது, இப்போது எவ்வளவு என்று காட்டும். பயாஸுக்குள் போய் பாஸ்வேர்டு கேட்கிறதா என்றும் பாருங்கள். கம்பெனி வைத்துவிட்டுப் போன பயாஸ் பாஸ்வேர்டை எடுப்பது மிகக் கடினம். டிஸ்கே தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம், பயாஸில் ஸ்டோரேஜ் ஆர்எஸ்டி என்று இருப்பதை ஏஹெச்சிஐ ஆக மாற்றினால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இவ்வளவுக்கும் அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்துக்குச் சம்மதிக்காத கடையில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.