பழைய கணக்கு புதுக் கம்ப்யூட்டருக்குப் போன கதை

கம்ப்யூட்டர் வகுப்பில் டேட்டாபேஸ் பாடம் நடத்தும்போது "இதெல்லாம் எதுக்கு சார்?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். கோடை விடுமுறையில் சித்தப்பாவின் உரக்கடையில் எனக்குப் பதில் கிடைத்தது.

கடையில் பாக்ஸ்புரோவில் எழுதின பழைய பில்லிங் புரோகிராம், விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸ்பிக்கு 2014-லும் பாக்ஸ்புரோவுக்கு 2015-லும் மைக்ரோசாப்ட் கைகழுவிவிட்டது. கம்ப்யூட்டர் அடிக்கடி மக்கர் பண்ணவே, சித்தப்பா புது சாப்ட்வேர் வாங்கினார். "பழைய கணக்கை நீயே இதுல ஏத்திடுடா" என்றார். எக்ஸெல்லில் எடுத்து ஒட்டினால் முடிஞ்சது என்று நினைத்தேன்.

முதல் அடி பெயர்களில் விழுந்தது. பழைய புரோகிராமில் பெயர்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. பாமினி என்பது ஆங்கில எழுத்துக்குப் போட்ட தமிழ் வேஷம். முருகன் என்று அடித்தால் உள்ளே பதிவாவது கே, யு, எஃப், டி, ஒரு அரைப்புள்ளி! "க"வுக்கு அங்கே எண் 102, அது ஆங்கில எஃப்-உடைய எண். யூனிகோடில் "க"வுக்குச் சொந்தமாக 2965 என்று ஓர் எண் உண்டு. எண்களை மாற்றிக் கொடுக்கும் கன்வெர்ட்டர் போட்டு ஒரு சாயங்காலத்தில் சரி செய்தேன்.

அப்புறம் 0045 என்ற வாடிக்கையாளர் எண்ணை எக்ஸெல் 45 ஆக்கியது. 03/04 என்ற தேதியில் ஏப்ரல் 3 போய் மார்ச் 4 வந்தது. அந்தக் கட்டங்களை முதலிலேயே "டெக்ஸ்ட்" என்று குறித்தால் இந்தத் தொல்லை இல்லை.

பெரிய தப்பு இனிமேல்தான். பழையதில் 412 பேர், புதியதிலும் 412 பேர். ஆள் கணக்கு சரி என்று சந்தோஷமாகப் பழைய கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ஒரு பெரியவர் வந்தார். "ஐயா, 4,200 பாக்கி நிக்குதே" என்றார் சித்தப்பா. அவர் முகம் மாறிவிட்டது. "தம்பி, நான் முன்பணம் கட்டினவன்" என்று மடியிலிருந்து ரசீதை எடுத்தார். நான் தலை குனிந்து நின்றேன்.

பழைய கம்ப்யூட்டரை மறுபடி போட்டு மொத்த பாக்கியைப் பார்த்தோம். அதில் 3,86,450. புதியதில் 4,11,250. வித்தியாசம் 24,800. அக்கவுண்டன்சி படித்த அத்தை உடனே, "ரெண்டால வகு" என்றார். 12,400. பற்று வரவு மாறி விழுந்தால் வித்தியாசம் இரட்டிப்பாக வருமாம். பழைய புரோகிராம் தொகையை ஒரு கட்டத்திலும், அது பற்றா வரவா என்பதைப் பக்கத்தில் ஓர் எழுத்தாகவும் வைத்திருந்தது. அந்த எழுத்தை வேண்டாத கட்டம் என்று நினைத்து நான்தான் விட்டுவிட்டேன். முன்பணம் கட்டியிருந்த ஏழு பேரும் கடன்காரர் ஆகிவிட்டார்கள்!

அதில் ஒருவர் சொன்னதை நம்பி 900 ரூபாய் கட்டியே போயிருந்தார். சித்தப்பாவும் நானும் பைக்கில் போய்த் திருப்பிக் கொடுத்தோம். கொடுத்த பிறகும் அவர் முன்பணம் 900 நம்மிடம் நிற்கும்.

பெரிய இடத்திலும் இப்படிச் சறுக்கியிருக்கிறார்கள். 2018 ஏப்ரலில் இங்கிலாந்தின் டிஎஸ்பி வங்கி 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கைப் புது சிஸ்டத்துக்கு மாற்றியது. அங்கே கணக்கு சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது, புது சிஸ்டம்தான் தாங்கவில்லை. லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். நிலைமை முழுசாகச் சீராக டிசம்பர் ஆனது. 2022-ல் அந்த வங்கிக்கு 4.8 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம்.

கடையில் ஜூன் முழுக்க ஒவ்வொரு பில்லையும் இரண்டு கம்ப்யூட்டரிலும் போட்டோம். பள்ளிக்கூடம் விட்டதும் போய் நான் இரண்டு மொத்தத்தையும் ஒப்பிடுவேன். 30-ம் தேதிதான் பழையதை நிறுத்தினோம். இப்போதும் அது மேஜைக்கு அடியில், துணி மூடி இருக்கிறது.