வியர்வை காயாத நாள்

சமவெளி ஊர்களில் வெப்பநிலை குறைந்தது 40 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலை பற்றிப் பேசும். கடலோரத்தில் 37 டிகிரியே போதும். ஏன் இந்த வேறுபாடு?

நம் தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடானால் உடலைக் குளிர்விக்க வியர்வை ஒன்றே வழி. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. சொட்டி விழும் வியர்வையால் பயனில்லை. கடலோரக் காற்றில் நீராவி மிகுதி. வியர்வை எளிதில் காய்வதில்லை.

கடலூருக்கு அருகே, பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையில் கோடையில் பலாப்பழம் ஏற்றும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். சட்டை நனைந்திருக்கும், உடல் குளிர்ந்திராது. தார்ச்சாலையும் கான்கிரீட் கூரையும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் வெளிவிடுவதால், உறக்கத்திலும் உடலுக்கு ஓய்வில்லை.

உடல் கொதித்து, பேச்சு குழறினால் அது வெயில் தாக்கு, உயிருக்கே ஆபத்து. 108-ஐ அழையுங்கள். அவரை நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீர் தெளித்து விசிறுங்கள். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024இல் மாநிலப் பேரிடராக அறிவித்தது.

செய்து பாருங்கள்: ஆய்வுக்கூட வெப்பமானிகள் இரண்டை நிழலில் தொங்கவிடுங்கள். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, இரண்டையும் விசிறுங்கள். ஈரக் குமிழ் காட்டும் அளவு இறங்கும். இறக்கம் குறைவாக இருந்தால் வியர்வை எளிதில் காயாது என்று பொருள். வெயிலும் கடுமையாக உள்ள அத்தகைய நாளில் விளையாட்டை மாலைக்கு ஒத்திவையுங்கள்.