இரு மொழிச் சான்று: எதை முதலில் வாங்கலாம்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், தூத்துக்குடி மாவட்டத்து ஆறுமுகநேரி வீடுகளில் பேச்சு தொடங்கிவிடும்: பிள்ளையை டைப்பிங்கில் சேர்ப்பதா, இந்தி டியூஷனா, ஆங்கிலப் பயிற்சியா? கலிஃபோர்னியாவில் இந்தக் குழப்பம் குறைவு. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேறிய மாணவரின் பள்ளி இறுதிச் சான்றிதழில் இருமொழி முத்திரை பதிக்க 2011-லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. நமக்கு அப்படி ஒரே முத்திரை இல்லை. இருப்பவை நான்கு; பயனும் வேறுவேறு.

மதிப்பெண் பட்டியல்

1968 முதல் தமிழ்நாட்டில் இருமொழிக் கொள்கை. தமிழும் ஆங்கிலமும் பட்டியலில் தனித்தனியே நிற்கும்; கூடுதல் செலவில்லை. மேல்நிலையில் மதிப்பெண்ணுக்காகத் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வின் 300 மதிப்பெண்ணில் 150 தமிழுக்கு. அதில் குறைந்தது 60 எடுத்தாக வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமையும் உண்டு.

டைப்ரைட்டிங்

தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தேர்வு. பத்தாம் வகுப்பு முடித்தவர் ஜூனியர் எழுதலாம், பிறகு சீனியர். ஆங்கிலத்தில் ஜூனியருக்கு நிமிடத்துக்கு 30 சொல், சீனியருக்கு 45 சொல் வேகம் வேண்டும். குரூப் 4 தட்டச்சர் பணிக்கு இரு மொழியிலும் சீனியர் முடித்தவருக்கே முதலிடம். அடுத்து தமிழ் சீனியர், ஆங்கில ஜூனியர் முடித்தவர். ஆங்கில சீனியர், தமிழ் ஜூனியர் முடித்தவருக்கு மூன்றாம் இடம்தான். தமிழ் விசைப்பலகை கடினம் என்று ஆங்கிலத்தோடு நிறுத்திவிடுபவர்கள் வரிசையிலேயே வர முடியாது. இதோடு சி.ஓ.ஏ. கணினிச் சான்றிதழும் கேட்பார்கள்.

இந்தி பிரச்சார சபா

காந்தி முயற்சியில் 1918-ல் சென்னையில் தொடங்கியது. பிராத்மிக் முதல் பிரவீண் வரை, ஆண்டுக்கு இருமுறை தேர்வு. முழுவதும் ஏற நான்கு ஆண்டு போல ஆகும். பிராத்மிக், மத்யமா போன்ற தொடக்க நிலைச் சான்றிதழ் மட்டும் வேலை வாங்கித் தராது. பேச்சும் தானாக வந்துவிடாது. வடக்கே வேலைக்குப் போக நினைப்பவருக்கு எழுத்தும் இலக்கணமும் பழகும். தொடங்கினால் பிரவீண் வரை போகும் எண்ணத்தோடு தொடங்குவது நல்லது.

ஐஇஎல்டிஎஸ்

வெளிநாட்டுக் கல்லூரிக்கும் குடியேற்றத்துக்கும் கேட்கப்படும் ஆங்கிலத் தேர்வு. கட்டணம் மற்ற மூன்றையும்விட மிக அதிகம். மதிப்பெண் பொதுவாக இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். பன்னிரண்டாம் வகுப்பிலேயே எழுதி வைத்து, பட்டம் முடித்தபின் விண்ணப்பித்தால் பணம் வீண். விண்ணப்பிக்கும் ஆண்டில் எழுதினால் போதும்.

யாருக்கு எது?

அரசு வேலைதான் குறி என்றால் டைப்ரைட்டிங்; அதிலும் தமிழ் சீனியரை முதலில் முடித்துவிடுங்கள். தூத்துக்குடித் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஷிப்பிங், கிளியரிங் அலுவலகங்களுக்குப் போகிறவருக்கு ஆங்கிலத் தட்டச்சும் பிழையில்லாமல் கடிதம் எழுதும் பழக்கமும் கைகொடுக்கும். மேற்படிப்புக்கு வெளிநாடு உறுதியானால் மட்டும் ஐஇஎல்டிஎஸ். இந்தி, நேரமும் விருப்பமும் இருக்கிறவருக்கு.

இன்னும் முடிவெடுக்காத பிள்ளையா? தமிழ், ஆங்கில ஜூனியர் இரண்டையும் முடிக்கச் சொல்லுங்கள். செலவு குறைவு; சான்றிதழுக்குக் காலாவதியும் இல்லை.